கம்பு ஏறிய பிறகு

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் பதினோராம் திகதி, புதன்கிழமை, வற்றிப்போன நாவற்பிட்டிக் குளத்தின் சேற்றில் மீன் பிடித்த குற்றத்துக்காக மீனம்மா என்னும் பெண் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுசெல்லப்பட்டார். அவரிடம் இருந்தவை ஒரு விராலும் சில கெளுத்திகளும். சட்டம் அவரிடம் உரிமத்தைக் கேட்டது. அந்த உரிமத்துக்கு வழிவிடும் சங்க உறுப்புரிமைக்காக அவர் நெடுங்காலமாக விண்ணப்பித்துக் காத்திருந்தார் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. இஃது அநியாயம். ஆயினும், இந்த அநியாயத்தில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, தம்முடைய பங்கு எவ்வளவு என்பது தமக்கு மட்டுமே தெரியும் என்று நன்னீர் மீன்பிடிச் சங்கத்தின் தலைவர் குகதாசன் எண்ணிக்கொண்டிருந்தார்.

நாவற்பிட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கோடை முற்றி, குளம் வற்றி, நடுக்கிடங்கில் மட்டும் முழங்காலளவு கலங்கல் நீர் மிஞ்சும்போது சங்கத்தார் கடைசி முறையாக வலை இழுப்பார்கள். வலை கரையேறியதும், ஆண்டு முழுவதும் அது கட்டப்பட்டிருந்த பாலைக் கம்பைத் தலைவர் தம் கையாற் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு குளக்கட்டில் ஏறுவார். அவ்வளவுதான். வாய் திறந்து எவரும் எதுவும் சொல்வதில்லை. கம்பு ஏறிவிட்டால் சேற்றில் மிஞ்சியது ஊருக்கு. கட்டிற் காத்திருப்பவர்கள் கரப்புகளோடு இறங்குவார்கள். கரப்பு என்பது மேலும் கீழும் திறந்த கூடை. அதைச் சேற்றிற் குத்தி, மேல்வாயினூடாகக் கையை விட்டுத் துழாவினால், உள்ளே அகப்பட்ட மீன் விரலில் முட்டும். அந்த மீனை மனிதர் பிடிக்காவிட்டால் அது அடுத்த கிழமை சேற்றோடு காய்ந்து நாறும். வேறெந்தப் பயனும் அதற்கு இல்லை.

ஆடி மாதம் நடந்த பொதுக்கூட்டத்திற் புதிய விதி வாசிக்கப்பட்டது. குளத்தில் விடப்படும் மீன்குஞ்சு அரசாங்கச் செலவில் வருகிறது; ஆகவே, பதிவுபெற்ற உறுப்பினர் அல்லாத எவரும், உரிமம் பெற்ற வலை அல்லாத எதனாலும், எக்காலத்திலும் அங்கே மீன் பிடித்தலாகாது; மீறினால் சங்கத்தின் குத்தகையும் போகும். விதியை விளக்க வந்த மீன்பிடித் திணைக்கள உத்தியோகத்தர் திலீபன் இளைஞர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். "எக்காலத்திலும்" என்றால் குளம் வற்றிய பிறகுமோ என்று யாராவது அவரிடம் கேட்டிருக்கலாம். தலைவர் என்ற முறையிற் குகதாசன் கேட்டிருக்க வேண்டும். கேள்வி அவருடைய தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டால், ஆகாது என்ற பதில் வரும். அந்தப் பதிலைக் குளக்கட்டில் காத்திருப்பவர்களிடம் தாமே சொல்லவேண்டியிருக்கும். அதற்குள் தேநீரும் வாய்ப்பனும் வந்துவிட்டன.

அந்தப் புதன்கிழமை காலை, கடைசி வலை ஏறிய பின்பு, குகதாசன் கம்பைப் பார்த்தபடி சேற்றில் நின்றார். குளக்கட்டில் நின்ற கூட்டம் அவரைப் பார்த்தபடி நின்றது.

"என்னங்கய்யா, கம்பையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அதுல என்ன பூவா பூக்கப்போகுது?" என்றார் மீனம்மா. எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் மலைநாட்டிலிருந்து தர்மபுரத்துக்கு வந்து குடியேறிய கூலிக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, பிறருடைய வயலில் இன்றும் கூலிக்கு நாற்று நடுகிறவர். குடியிருக்கும் காணிக்கு உறுதிப்பத்திரம் இல்லை என்ற காரணத்தாலேயே அவருடைய விண்ணப்பம் சங்க அலுமாரிக்குள் உறங்கியது.

"தலைவருக்கு இடுப்புப் பிடிச்சிட்டுது போல," என்றார் கிழவர் ஏரம்பு. "ஆராவது இறங்கிப் போய் அந்தாளையும் சேத்துப் பிடுங்குங்கோ."

கட்டு முழுவதும் சிரித்தது. குகதாசனும் சிரித்தார். சிரித்தபடியே கம்பைப் பிடுங்கினார்.

அவர் மறந்து செய்தாரா? இல்லை. விதி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கம்பைப் பிடுங்காவிட்டால், வட்டக்கச்சியில் வயலும் வாய்க்காலும் உள்ள தலைவர் ஏழைகளின் கறிச்சட்டியைத் தட்டிவிட்டார் என்று ஊர் பேசும். பிடுங்கினால், நல்ல மனிதர் என்ற பெயர் நிலைக்கும். அந்தப் பெயருக்காக ஒரு சொல்லைத்தானும் அவர் செலவழிக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கு அவருடைய மனத்தில் ஓடி முடிந்த பிறகே கம்பு சேற்றை விட்டு வெளியே வந்தது.

ஜீப் வந்தபோது கூட்டம் சிதறியது. சேற்றில் இறங்கியிருந்தவர்கள் கரப்புகளைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு நாணலுக்குள் ஓடினார்கள். மீனம்மா ஓடவில்லை. தோள்வரை கரப்புக்குள் கையை விட்டபடி, வருகிறவர்களை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, வெளியில வாங்கோ," என்றார் திலீபன். "உங்களிட்ட உரிமக் காட் இருக்கோ?"

"இல்லீங்க தம்பி. கம்பு ஏறிடுச்சு."

"என்ன கம்பு?"

"அந்தா, தலைவரய்யா கிட்ட இருக்கில்ல, அதுதான்." மீனம்மா கையை வெளியே எடுத்தார், விரால் ஒன்று அதில் துடித்தது. "காட்டு, காட்டுன்னு எங்கிட்ட கேக்கிறீங்களே, அந்தக் கொக்குங்களுக்கெல்லாம் யாரு தம்பி காட் குடுத்தது? மொதல்ல அதுகள ஜீப்புல ஏத்துங்க."

பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். திலீபன் சிரிக்கவில்லை. குளக்கட்டில் மோட்டார்சைக்கிளோடு நின்ற குகதாசனிடம் வந்தார்.

"ஐயா, நீங்கள் இவைக்கு அனுமதி குடுத்தனீங்களோ?"

கம்பு மோட்டார்சைக்கிளிற் சாய்ந்திருந்தது. அதன் ஈரம் இன்னும் காயவில்லை.

"நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி," என்றார் குகதாசன்.

அந்த வாக்கியத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு சொல்லும் பொய்யன்று. சேர்த்துப் பார்த்தால் முழுவதும் பொய். மீனம்மாவின் காதில் அது விழுந்தது. அவர் குகதாசனை ஒரு கணம் பார்த்தார். பின்பு குனிந்து, கையிலிருந்த சேற்றைக் கலங்கல் நீரிலேயே கழுவினார். ஜீப்பில் ஏறும்போது, "கரப்ப ஒடைச்சிடாதீங்க, எரவல் வாங்கினது," என்று பொலிஸ்காரரிடம் மட்டும் சொன்னார்.

மத்தியானம் குகதாசனுக்கு அவருடைய மனைவி பத்மாசனி சோறு போட்டார். கதை அதற்கு முன்பே குசினிக்கு வந்து சேர்ந்திருந்தது.

"அவாவைப் பிணையில விட்டிட்டினமாம்," என்றார் பத்மாசனி. "நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்களாம்."

"அவங்கள் கேட்டாங்கள். நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டனான். அது உண்மைதானே?"

"உண்மைதான். வாயைத் திறக்காமலே வாக்குக் குடுக்கிறதும் வாயைத் திறந்து உண்மை சொல்லியே ஆளைக் காட்டிக்குடுக்கிறதும் எல்லாருக்கும் வராது. உங்களுக்கு வந்திருக்கு. குழம்பு விடட்டோ?"

குகதாசன் கையைக் கழுவிவிட்டார். அன்றிலிருந்து குளக்கட்டால் போகவேண்டிய இடங்களுக்குச் சுற்றுப்பாதையாற் போனார். சந்திக் கடையில் ஏரம்புவைக் கண்டால் மறுபக்கம் திரும்பினார். ஏரம்பு வழமைபோலவே கையசைத்தார். அதுவே தாங்க முடியாததாக இருந்தது. கடைசியில், வழக்கு வருவதற்கு முன்பு, தர்மபுரத்துக்குப் போனார்.

மீனம்மா முற்றத்தில் எள்ளுப் புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

குகதாசன் உட்காரவில்லை. "நீதிமன்றத்தில நான் சொல்லுறன், மீனம்மா. கம்பைப் பிடுங்கினது நான்தான், அதுதான் இஞ்ச அனுமதி எண்டு சொல்லுறன்."

"சொன்னா ஒங்க சங்கத்துக்கு வில்லங்கமாப் போயிடாதுங்களா?"

"போனாப் போகட்டும்."

மீனம்மா சுளகைக் கீழே வைத்தார். "தண்டம் கட்டுறது ஒரு பெரிய விசயம் இல்லீங்கய்யா. எப்படியாச்சும் கட்டிடுவேன். ஆனா, தண்டம் கட்டினவங்களுக்கு அப்புறம் காட் குடுக்கமாட்டாங்களாம். காட் ஒண்ணு கெடைச்சிட்டா யாரும் என்னைய சேத்துல இருந்து ஏறுன்னு சொல்ல ஏலாது. அதுக்குத்தான் பாக்கிறேன்."

"நான் வந்து சொல்லுறன்."

"அப்ப நான் குத்தம் செய்யல, சுற்றவாளின்னே சொல்றேன். நீங்க கட்டாயம் வந்துடுங்க. அங்க நான் ஒத்தையா அப்படிச் சொல்லிட்டு நிக்க மாட்டேன், பயமா இருக்கு."

"ஓம்," என்றார் குகதாசன். இந்த முறை வாயைத் திறந்தே சொன்னார்.

வழக்கன்று வெள்ளைச் சட்டை அணிந்து, முதல் பஸ்ஸிலேயே போய், நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்கில் அமர்ந்தார். பக்கத்தில் இருந்த ஒருவர், வழக்குகளுக்கு வந்து பழகியவர், கேளாமலே புத்தி சொன்னார்: "பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் எழும்புங்கோ, ஐயா. சும்மா எழும்பினால் வெளியில அனுப்பிப்போடுவினம்." குகதாசன் தலையசைத்தார். அந்த வார்த்தை அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை அவரே கவனித்தார், கவனித்து வெட்கப்பட்டார்.

மீனம்மாவின் பெயர் வாசிக்கப்பட்டது. குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டது.

"குற்றவாளியா, சுற்றவாளியா?"

கூண்டில் நின்ற மீனம்மா திரும்பிப் பார்த்தார். நிறைந்திருந்த வாங்குகளில் அவருடைய கண்கள் ஒரு முகத்தைத் தேடின. குகதாசன் எழுந்து நின்றிருந்தாற் போதும். பேச வேண்டியதில்லை, கையுயர்த்த வேண்டியதுமில்லை. ஆள் வந்திருக்கிறார் என்று தெரிந்திருந்தால் அந்தப் பெண் "சுற்றவாளி" என்று சொல்லியிருப்பார். குகதாசனின் கைகள் முன்னாலிருந்த வாங்கின் விளிம்பைப் பற்றின. முழங்கால்கள் பாதி நிமிர்ந்தன. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். எவரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கு அவர் ஒருவர் அங்கே இருப்பதே எவருக்கும் தெரியாது.

"குற்றவாளிங்க," என்றார் மீனம்மா.

தண்டம் சொல்லப்பட்டது. அடுத்த பெயர் வாசிக்கப்பட்டது.

வாசலில் மீனம்மா அவரைக் கண்டார். குகதாசன் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"வந்துதான் இருந்தீங்களா?" என்றார் மீனம்மா. கோபம் இருந்திருந்தால் குகதாசன் அதைச் சுமந்து சென்றிருப்பார்; அது கூட அந்த முகத்தில் இல்லை. "சரிங்கய்யா. வெயில்ல நிக்காதீங்க. பஸ் வந்திரும்."

மழை தொடங்கி, குளத்தில் மறுபடியும் நீர் ஏறத் தொடங்கிய நாள்களில் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியது. பொருளாளர் செல்வநாயகம் உறுப்புரிமை விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். மீனம்மாவின் விண்ணப்பம் வந்ததும், "இவாவுக்கு வழக்கில தண்டம் விழுந்திருக்கு. விதிப்படி ஏலாது," என்று அதை ஒதுக்கினார்.

குகதாசன் எழுந்தார்.

"கம்பைப் பிடுங்கினது நான்," என்றார். "தெரிஞ்சுகொண்டுதான் பிடுங்கினனான். பிறகு தெரிஞ்சுகொண்டுதான் மறைச்சனான். அவாவில ஒரு பிழையும் இல்லை."

எவரும் திடுக்கிடவில்லை. செல்வநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது எங்களுக்குத் தெரியும்தானே, அண்ணை. நாங்களும் அண்டைக்குக் கட்டிலதானே நிண்டனாங்கள்."

"தெரிஞ்சும் ஏன் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை?"

"எங்களை ஆர் கேட்டது?"

செல்வநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடர்ந்தார்: "இனிக் கதைச்சு என்ன செய்யிறது? தீர்ப்பு வந்திட்டுது. மீன்பிடித் திணைக்களத்தோட கொழுவினால் குத்தகையும் போகும். நிராகரிப்பெண்டு போடுவம். தலைவர்தான் கையெழுத்து வைக்கவேணும்."

பேனை மேசையில் இருந்தது. குகதாசன் அதை எடுத்தார். அந்த அறையில் அவரை விரட்டுவதற்கு ஒருவரும் இல்லை. தடுப்பதற்கும் ஒருவரும் இல்லை. பின்பு உட்கார்ந்தார். கையெழுத்தை வைத்தார்.

இதை வாசிக்கும் உங்களையும் எவரும் கேட்கப்போவதில்லை. ஆகவே, கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். உங்கள் ஊரிலும் ஒரு குளம் உண்டு. அந்தக் குளத்துக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் அடுத்த பொதுக்கூட்டத்துக்குத் திகதி குறித்திருப்பார்கள். போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாமலே எழுந்து நில்லுங்கள். வற்றிய குளத்தில் மிஞ்சும் மீன் உரிமமற்ற ஏழையின் சட்டிக்கு உரியதா, இல்லையா என்று உரத்த குரலிற் கேளுங்கள். உரியது என்று விதியிலே எழுதும் வரைக்கும் உட்காராதீர்கள்.