டீச்சர் ஏறினால் நிற்கும் வண்டி

மூன்றாவது முறையாக அந்தச் சாம்பல் நிறக் கார் என் பட்டறைக்குள் நுழைந்தபோது, கையில் இருந்த ஸ்பேனரை எங்கே வீசலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். பதினேழு வயது வண்டி. சொந்தக்காரர் குழாய் வேலை செய்பவர். எல்லார் வீட்டுக் குழாயையும் சரிசெய்துவிட்டு, தன் வீட்டுக் குழாயில் துணி சுற்றி வைத்திருப்பார்.

“அண்ணே, மறுபடியும் நின்னுபோச்சு. நடுரோட்டுல. பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சே காதைக் கிழிச்சுட்டான்,” என்றார்.

ஸ்கேனரை மாட்டினேன். அதே பழைய பாட்டு: கிராங்க் சென்சார். எஞ்சின் சுற்றுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சாரின் வேலை. அதன் பேச்சு கேட்காவிட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், வண்டி நின்றுவிடும். சென்சாரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். எஞ்சின் பக்கத்து வயரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துவிட்டேன். மேட்டிலும் பள்ளத்திலும் உச்சி வெயிலிலும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். என்னிடம் மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கி ஓடியது. குழாயில் கசிவு என்றால் தண்ணீராவது காட்டிக்கொடுக்கும். கரண்டுக்கு அந்த நாணயம் கிடையாது.

“என் கையிலயும் நல்லாத்தான் ஓடுது அண்ணே,” என்று தலையைச் சொறிந்தார். “எங்க அக்கா ஏறினாத்தான் நிக்குது.”

“என்ன உளறல் இது?”

“அவங்களே எண்ணி வச்சிருக்காங்க. கணக்கு டீச்சராச்சே. அஞ்சு தடவை நின்னுச்சு, அஞ்சு தடவையும் பக்கத்துச் சீட்டுல அவங்கதான்.”

“இதை ஏன்யா முதல்லயே சொல்லல?”

“சொன்னா சிரிப்பீங்கன்னு.”

சிரித்திருப்பேன்தான். அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு வரவில்லை. ஏழு மாதத்துக்கு முன் அக்கா பள்ளி மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று வாரத்தில் பள்ளி திறக்கிறது. வகுப்பு இரண்டாவது மாடியில். படி ஏறினால் வகுப்பு, இல்லையென்றால் கீழே ஆபீஸில் வருகைப் பதிவேட்டோடு ஒரு நாற்காலி. இருபத்திரண்டு வருடம் கரும்பலகை முன்னால் நின்றவர். வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருந்தவர், இந்த ஐந்தாவது தடவைக்குப் பிறகு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

“மாமா சின்ன வயசுலயே போனப்போ, ராசியில்லாதவன்னு சொந்தக்காரங்க பேசினாங்க. இப்ப வண்டியும் அதையே சொல்லுதாம். வாடகை வண்டியில போங்கன்னா, ‘அதையும் நிறுத்தவா?’ன்னு கேக்குறாங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அழுதுவிடுவார் போலிருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ராசியாவது மண்ணாவது! நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வர்றேன்.”

பாதிக் கோபம் என்மேல்தான். வண்டியைச் சோதிக்கும்போது எல்லாரையும் இறக்கிவிடுவது என் பழக்கம். ஓட்டிப்போகிற ஆட்களோடு சேர்ந்ததுதான் வண்டி என்பது இத்தனை வருடத்தில் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போனேன். டீச்சர் கைத்தடியோடு வாசலில் நின்றார். “எதுக்கு உங்களுக்கும் வீண் வேலை? நான் ஏறினா அது நிக்கும்.”

“அதுதான் டீச்சர் எனக்கு வேணும். இன்னைக்கு இது நின்னே ஆகணும். நீங்க ஏறாட்டி நிக்காது.”

அப்படி ஒருவர் தன்னிடம் கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அவர் தம்பி ஓட்டினார். நான் ஸ்கேனரோடு பின்சீட்டில். கால் மணி நேரம் சுற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. என் மானம் போகப்போகிறது என்று நினைத்தபோது, முன்சீட்டில் முணுமுணுப்பு கேட்டது. “ஒண்ணு, ரெண்டு, மூணு...” வண்டி பொட்டென்று நின்றது.

“டீச்சர், என்ன எண்ணிட்டிருக்கீங்க?”

“பயிற்சிங்க. குதிகாலை முன்னால அழுத்திப் பத்து எண்ணச் சொல்லியிருக்காங்க. வண்டியில சும்மாத்தானே உக்காந்திருக்கேன். வீட்டுல சுவத்துல வச்சு அழுத்துவேன்.”

வண்டியை ஓரமாகத் தள்ளச் சொல்லி, அவர் காலடியில் இருந்த விரிப்பை உரித்தேன். கீழே ஓர் இரும்புத் தகடு, அதற்குப் பின்னால் வண்டியின் கம்ப்யூட்டர். தகட்டை அழுத்தினால் அது உள்ளே போய்க் கம்ப்யூட்டரின் பிளக்கை இடித்தது. அந்த இடியில் சென்சார் வயர் பிடி விட்டது; காலை எடுத்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டது. தகட்டுக்கு நான்கு ஸ்குரூ இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

மற்ற மூன்றையும் மாட்டாமல் விட்டவன் யார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் மழைத் தண்ணீர் புகுந்து இந்த வண்டி வந்தது. கழற்றி உலர்த்திவிட்டு, இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு ஸ்குரூவோடு மூடியது நான்தான்.

“தப்பு என்னோடது டீச்சர்,” என்றேன். காது சுட்டது. “உங்க ராசியும் இல்ல, வண்டி வயசும் இல்ல.”

தம்பிக்குக் கணக்கு இடித்தது. “அக்கா ஆரம்பத்துல இருந்தே இந்தப் பயிற்சி செய்றாங்க. ரெண்டு மாசமாத்தானே நிக்குது?”

எஞ்சினை ஓடவிட்டு, தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அசையவில்லை. இரு கையாலும் தள்ளினேன், அசையவில்லை. கடைசியில் முழங்காலை வைத்து உடம்பின் பாரத்தை எல்லாம் போட்ட பிறகுதான் எஞ்சின் நின்றது. எனக்கே மூச்சு வாங்கியது.

“டீச்சர், ஆரம்பத்துல உங்க கால்ல இந்தத் தெம்பு இல்ல. அது வந்தப்புறம்தான் வண்டி நிக்க ஆரம்பிச்சிருக்கு.”

அவர் விரலை மடக்கி எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது. “முதல் தடவை நிக்கும்போது ஒன்பது எண்ணியிருந்தேன்,” என்றார் மெதுவாக. “அடுத்தது எட்டு. அப்புறம் ஏழு, அஞ்சு, நாலு. இன்னைக்கு மூணு.”

தகடும் கொஞ்சம் தளர்ந்திருக்கும் என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பிளக்கை இறுக்கப் பையிலிருந்து கருவியை எடுத்தேன். “இருங்க,” என்று தடுத்தார். கைத்தடியைப் பின்சீட்டில் போட்டார். “தம்பி, ஸ்டார்ட் பண்ணு.”

எஞ்சின் ஓடியது. குதிகாலை வைத்தார். “ஒண்ணு, ரெண்டு...” நின்றது.

“மறுபடியும்.”

நான்கு முறை நிறுத்தினார். கடைசி முறை வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர வர.

“அக்கா, பேட்டரி போயிடும்!”

“சரி, இப்ப மாட்டுங்க,” என்றார் என்னிடம், வகுப்பில் பேசுகிற குரலில். “நாலு ஸ்குரூவும். நான் எண்ணுவேன். சீக்கிரம் ஆகட்டும், பதினோரு மணிக்குப் பயிற்சிக்குப் போகணும்.”