அப்பாவின் வேகம்

கிளட்சை மிதித்து மிதித்துச் சின்னவளுக்கு இடது கால் மரத்துப் போயிருந்தது. முன்னால் அமரர் ஊர்தி, நடப்பவர்களைவிட மெதுவாக ஊர்ந்தது. அதற்குள் அப்பா. அதன் பின்னே அப்பாவின் சிவப்பு வண்டி. இரண்டே சீட்டுடன், தரையோடு தரையாகக் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டுவது அவள், பக்கத்தில் அம்மா. பின்னால் அண்ணனின் குட்டிக் கார், அதற்கும் பின்னால் சொந்தபந்தம் முழுவதும்.

சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடினால்தான் இந்த வண்டியின் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கும். ஊர்ந்தால் கொதிக்கும், கொதித்தால் நின்றுவிடும், நின்றால் லேசில் கிளம்பாது. குட்டிக் கார் விற்கும் ஷோரூமில் வேலை பார்க்கும் அண்ணன் காலையிலேயே தலைப்பாடாக அடித்துக்கொண்டான். "அம்மா, இது ஊர்வலத்துக்கு லாயக்கில்லாத வண்டி. என் கார்ல வாயேன்."

"அவரோட வண்டியிலதான் வருவேன்," என்றாள் அம்மா.

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா அந்த வண்டிக்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி. 'சக்களத்தியைக் குளிப்பாட்டியாச்சா? சக்களத்திக்குப் புதுச் செருப்பு மாட்டியாச்சா?' என்று கழுவும்போதும் டயர் மாற்றும்போதும் கேட்பாளே தவிர, ஒருநாளும் அதில் ஏறி உட்கார்ந்ததில்லை.

அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர். வருகிறவர்களிடமெல்லாம் 'அரை மாத்திரை போதும், அதிகம் வேண்டாம்' என்று சொல்கிற மனிதர், பழைய இரும்புக்கடையில் அந்த வண்டியைப் பார்த்ததும் புத்தி பேதலித்து வாங்கி வந்துவிட்டார். பிறகு வீட்டில் ஓயாத வழக்கு.

"உங்க வண்டி நூறைத் தொடறதுக்குள்ள என் குட்டி வண்டி தொட்டுட்டு, பிரேக் போட்டு நின்னுக்கூட இருக்கும்ப்பா," என்பான் அண்ணன்.

"தையல் மெஷின்கூடத்தான்டா வேகமா ஓடுது. அதுக்காக அதுல ஏறி ஊர் சுத்துவாங்களா? நேத்து பைபாஸ்ல நூத்தி அறுபது போனேன், தெரியுமா?"

நூற்று அறுபது என்ற வார்த்தை வந்ததும் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவர் முந்தாநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சித்தி அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஹீட்டரைத் திருகி விடும்மா. இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இங்க இழுக்கும்," என்றாள் சின்னவள்.

அனல் காலில் அடித்தது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. அம்மா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். முள் இறங்கவில்லை.

"இது நின்னுடும்மா. இறங்கி அண்ணன் கார்ல ஏறிக்கோ. நடுரோட்டுல மாட்டிக்கிட்டா, அப்பா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்க முடியாமப் போயிடும்."

"ஏற மாட்டேன்." அம்மா முள்ளையே பார்த்தாள். "ஓடினா சூடு இறங்குமா?"

"இறங்கும். எங்க ஓடறது? முன்னாடி அப்பா இல்ல இருக்காரு."

"முந்திப் போ."

சின்னவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பெற்ற அப்பாவின் சவ ஊர்தியை எந்தப் பெண்ணாவது முந்துவாளா? சித்தி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். முள் சிவப்பைத் தொட்டது. அவள் சிக்னல் போட்டு ஒடித்தாள். ஊர்தி ஓட்டுநர் வாயைப் பிளந்தார். பின்னால் அண்ணன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். அம்மா ஊர்திப் பக்கம் திரும்பவில்லை.

இடுகாட்டுக்குத் திரும்பும் இடம் வந்தபோது, "நேரா போ," என்றாள்.

"அது பைபாஸும்மா."

"தெரியும்."

பைபாஸில் ஏறியதும் சின்னவள் காலை முழுதாக அழுத்தினாள். இன்ஜின் அலறியது. காற்று முகத்தில் அறைந்தது, காலடியில் சாலை உரசிக்கொண்டு போவதுபோல் இருந்தது. அம்மா கதவுப் பிடியை இறுகப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டாள். முள் மெல்ல இறங்கியது.

அப்போது பக்கத்தில் ஒரு கார் வந்தது. அண்ணன் விற்பதைப்போன்ற குட்டிக் கார்தான். மேலே ஒரு மெத்தையைக் கட்டியிருந்தார்கள். பின்சீட்டில் ஒரு குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கியது. ஓட்டிய பெண் ஒரு கையால் பிஸ்கட் தின்றுகொண்டே அவர்களை முந்திப் போனாள். அம்மா கண்ணைத் திறந்து, அது புள்ளியாகும்வரை பார்த்தாள்.

"அழுத்தேன்டி."

"அழுத்திட்டுத்தாம்மா இருக்கேன். இவ்வளவுதான் போகும்."

"எவ்வளவு?"

"தொண்ணூறு."

"நூத்தி அறுபதுன்னாரே."

"புதுசுல போயிருக்கும். அப்பா கைக்கு வந்தப்பவே இது கிழம். சத்தமும், இப்படித் தரையில உட்கார்ந்து போறதும்தான் பறக்கற மாதிரி தெரியும். எனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தப்பவும் தொண்ணூறுதான்."

அம்மா கதவுப் பிடியை விட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கிளம்பிடுவாரு. வர்ற வரைக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். போன் அடிச்சா எடுக்க மாட்டேன், போலீஸா இருக்குமோன்னு." அவள் குரல் உடைந்தது. "மெத்தை ஏத்திக்கிட்டுப் போறவ முந்தற வேகம். நானும் கூட வந்திருப்பேனே, பாவி மனுஷா."

அழுதாள். இரண்டு நாளாக அடைத்துக்கிடந்தது அத்தனையும் வந்தது. இன்ஜின் சத்தத்தில் அந்த அழுகை பாதிதான் கேட்டது. சின்னவளுக்குச் சாலை கலங்கித் தெரிந்தது. தொண்ணூறுதான் என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்த அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.

அம்மாவின் மடியில் போன் அடித்தது. அண்ணன். "எங்கம்மா போனீங்க? வாசலுக்கு வந்துட்டோம். அப்பாவை இறக்கப்போறாங்க."

"இறக்க வேணாம். கொஞ்ச நேரம் இருக்கட்டும். வந்துடறோம்." போனை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"திரும்பட்டுமாம்மா?"

"அவர் எதுவரைக்கும் போவாரு?"

"அந்தப் பாலம் தாண்டி ஒரு மரம் இருக்கு. அங்க நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாரு. வண்டி ஆறணும்ல."

"அங்க போ."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சின்னவள் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டாள்.