மாமனார் வந்தால் மட்டும் அடிக்கும் இயந்திரம்

தெளிப்பான் நின்று ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மாலையில் அதை விற்ற கம்பெனியின் வண்டி வரும். அதற்குள் சரியாகாவிட்டால் திருப்பி ஏற்றிவிடுவேன் என்று பட்டறை முதலாளியான மாமனார் சொல்லிவிட்டார். அதை வாங்க வைத்தது அவருடைய மருமகன். இயந்திரம் போனால் அவன் பழையபடி உளியும் கையுமாக உட்கார்ந்து, வெல்டிங்கில் தெறித்து ஒட்டிய இரும்பு மணிகளை ஒவ்வொன்றாகச் சுரண்ட வேண்டும்.

தகட்டின் மேல் ஒரு திரவத்தைப் பனிபோலத் தெளிப்பதுதான் அதன் வேலை. தெளித்துவிட்டால் பொறி ஒட்டாது. திரவத்தைத் தள்ள காஸ் வேண்டும். அதுதான் வரவில்லை.

வீட்டு வாசலில் இருந்த காஸ் சிலிண்டரின் அழுத்தமானி முள் நிமிர்ந்து நின்றது. முன்னறையைத் தாண்டிப் பின்கட்டுப் பட்டறையில் இயந்திரத்தின் முள் படுத்துக் கிடந்தது. மருமகன் ஃபில்டரைக் கழற்றி ஊதினான். நாசிலை ஊசியால் குத்தினான். வாஷரை மாற்றினான். ஒவ்வொரு தடவையும் முன்னறையிலிருந்து மாமனார் எழுந்து வந்து பொத்தானை அழுத்தினார். புஸ்ஸென்று அடித்தது. மெஷினுக்கும் ஆள் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நின்றுவிட்டது.

மூன்றாவது தடவை மருமகனுக்குப் புரிந்தது. ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது. போன வாரம் மாமனார் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் எடை என்ற பேச்சே கிடையாது. எடை பார்க்கும் மெஷினை மாமியார் பரணில் ஏற்றிவிட்டார். கடையில்கூட கிலோ என்று சொல்லாமல் கையால் காட்டி அரிசி வாங்கினார்.

காற்றாடக் கொஞ்சம் நடந்துவிட்டு வரும்படி மாமனாரிடம் சொல்லிப் பார்த்தான்.

"நடக்கணுமா? டாக்டர் உங்களுக்கும் போன் பண்ணிட்டாரா மாப்பிள்ளை?"

மனைவியைத் தூது அனுப்பப் பார்த்தான். தனக்கு இன்னும் கொஞ்ச நாள் வாழ ஆசை இருப்பதாக அவள் சொன்னாள்.

வண்டி வந்தது. கம்பெனி ஆள் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு, இயந்திரத்தைத் தூக்க இன்னொருவரைக் கூப்பிட்டார்.

"நான் வந்தா மட்டும் அடிக்குதே, அது என்ன மாயம்?" என்று முன்னறையிலிருந்து மாமனார் கேட்டார். "நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை."

மருமகன் மேசை மேல் கிடந்த உளியைப் பார்த்தான். பிறகு முன்னறைக்குப் போய் நின்றான்.

"மாமா, காஸ் குழாய் இந்த கார்பெட்டுக்கு அடியிலதான் போகுது. நான்தான் போட்டேன். குழாய் மேல உங்க நாற்காலி இருக்கு. நாற்காலி மேல நீங்க இருக்கீங்க."