கண்ணாடி போட வந்தவர்

“இந்த ஆள் உனக்கு யாரு, பொண்ணு?”

ஜில்லா அதிகாரி என்னைத்தான் கேட்டார். எங்கள் ஊர் யூதர்களை வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர், எங்கள் சாப்பாட்டு மேசையில் தாள்களை விரித்து உட்கார்ந்திருந்தார். வாசலை அடைத்துக்கொண்டு அவருடைய காவலாள் நின்றான். எங்கள் யூத சபைத் தலைவர் கோப்பல் மேசையருகே நின்று கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

அதிகாரி கேட்ட ஆள் எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னலில் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தார். அவர் என் அப்பா.

அப்பா மலைக்கு அந்தப் பக்கம், மொராவியாவில் பிறந்தவர். அங்கே அரசு உத்தரவுப்படி யூதக் குடும்பத்தில் மூத்த மகன் மட்டும்தான் கல்யாணம் செய்துகொள்ளலாம். அப்பா இரண்டாமவர். அதனால் இந்த நித்ரா ஜில்லாவுக்கு ஓடிவந்து, எங்கள் குரு ரப்பி ஆசீர்வதிக்க, சபையார் சாட்சியாக அம்மாவைக் கட்டினார். கடவுளுக்கு அது கல்யாணம், ஜில்லாவுக்கு இல்லை. பள்ளியில் வாத்தியார் என் பெயரோடு அம்மா வீட்டுப் பெயரைச் சேர்த்துத்தான் வாசிப்பார். பின்வரிசை சிரிக்கும். போன குளிர்காலத்தோடு நான் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அப்பா அனுமதியில்லாமல் குடியிருக்கிறார் என்று தெரிந்தால் அன்றைக்கே காவலாள் அவரை எல்லைக்கு இழுத்துப்போவான். தெருக்கோடி வீட்டிலிருந்து அப்படி ஒருவரைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. அதனால்தான் அன்று காலை அம்மா மாவுருட்டும் கட்டையால் எங்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். அப்பாவின் தொழிலே கண்ணாடி போடுவது. ஊர் ஊராகத் திரியும் கண்ணாடிக்காரன் ஒருநாள் வேலைக்கு வந்தால் யாரும் காகிதம் கேட்பதில்லை.

“என் வீட்டுக்கே கூலிக்கு வந்திருக்கேன், நல்லா கவனி பெஸ்ஸல்” என்று அப்பா சீண்டினார். அப்போது அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

எனக்குப் புதிய மனிதர்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று ஒட்டவில்லை. “யாரும் இல்ல ஐயா. கண்ணாடி போட வந்தவர்” என்றேன். அவ்வளவு தெளிவாக வந்தது. அப்பாவின் விரல் சட்டத்தின் ஓரத்தில் பசையை அழுத்தியபடியே நகர்ந்தது. காது மட்டும் சிவந்தது.

அதிகாரி அம்மாவிடம் திரும்பிப் புருஷன் பெயரைக் கேட்டார். கல்யாணம் ஆகவில்லை என்றாள் அம்மா. விதவை என்று சொல்லலாம்தான். ஆனால் செத்தவனின் பெயர், கல்லறை எல்லாம் கேட்பார்கள், கோப்பல் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், பொய்ச் சத்தியம் மட்டும் என்னால் முடியாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

“இந்தத் தெருவுல புருஷனே கிடையாது, பிள்ளைங்க மட்டும் இருக்கு. மழை பேஞ்சா முளைக்குதா?” என்றார் அதிகாரி. காவலாள் சத்தமாகச் சிரித்தான். கோப்பல் தரையைப் பார்த்தார்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். பாதியில் பேனா நின்றது. அம்மாவின் முகத்தை விட்டு, நெற்றிக்கு மேலே பார்த்தார்.

“உங்க ஜனத்துல கட்டிக்கிட்டவங்கதானே தலைய மூடுவாங்க? நீ ஏன் மூடியிருக்க?”

ஜன்னலை உடைக்க யோசித்தோம். நான் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தோம். அம்மாவின் தலைத்துணி எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தினமும் எழுந்ததும் அதைக் கட்டிக்கொண்டுதான் கட்டிலை விட்டு இறங்குவாள். அது இல்லாத அம்மாவை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு மறுநாள் மழித்த தலை அது. இன்றுவரை முடி வளர விட்டதில்லை.

“காய்ச்சல் வந்துச்சு ஐயா” என்றாள் அம்மா. “முடிய எடுத்துட்டாங்க. பார்க்க நல்லா இல்ல, அதான்.”

“அப்படியா. அவிழ்த்துக் காட்டு, எழுதிட்டுப் போறேன். இன்னும் பாதித் தெரு கிடக்கு.”

அவர் குரலில் கோபம்கூட இல்லை. கோப்பல் ஓரடி முன்னால் வந்தார். “ஐயா, எங்க பொம்பளைங்க வேத்து ஆம்பளைங்க முன்னால…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கல்யாணமானவர்களுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. வாக்கியத்தை முடித்தால் எங்களைக் காட்டிக்கொடுத்ததாகும்.

அம்மா கையைப் பின்னால் கொண்டுபோனாள். முடிச்சு இறுகியிருந்தது. உதவி செய்ய நான் எழுந்திருக்கவில்லை. அவளே அவிழ்த்தாள்.

வெளுத்த, சின்னத் தலை. துணி அழுத்திய கோடு நெற்றியில் சிவப்பாக இருந்தது. காதுக்கு மேலே நரைத்த குறுமயிர் குத்திட்டு நின்றது. அது யாரோ ஒரு நோயாளி என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். காவலாளின் சிரிப்பு பாதியில் நின்றது. தெருவில் இறங்கிப் போய்விட மாட்டேனா என்று இருந்தது எனக்கு. அம்மா துணியை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். தலையை மூட ஒன்றும் இல்லை.

அதிகாரி நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். “காய்ச்சல்தான்” என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

தப்பித்துவிட்டோம். எனக்கு அது புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்திருக்கும். இனி அந்த ஆள் வேலையை முடித்து, எங்களிடம் கூலி வாங்குவதுபோல வாங்கி, இருட்டியதும் பின்கதவு வழியாக வீட்டுக்கு வந்தால் போதும்.

அப்பா ஜன்னலிலிருந்து திரும்பினார். வேற்று ஆள் பார்க்கிற மாதிரி அம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு. அப்படிப் பார்க்க அவருக்கு வரவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசையின் காலைப் பார்த்துக்கொண்டேன்.

பசை அப்பிய விரல்களைச் சட்டையில் துடைத்தார். மிச்சக் கண்ணாடிகளைச் சுமக்கும் சட்டத்தில் அடுக்கி, வாரை இழுத்து முதுகில் மாட்டிக்கொண்டார். காவலாள் ஒதுங்கி வழிவிட்டான்.

“ஏய், கூலி வாங்கலியா?” என்று அதிகாரி கேட்டார்.

அம்மா எழுந்தே விட்டாள். மடியிலிருந்த துணி கீழே விழுந்தது. அவளால் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. என்னால் அப்பா என்று கூப்பிட முடியாது.

அவர் திரும்பவில்லை. வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மொராவியா மலைப்பக்கம் போகிற பாதையில் நடந்துபோனார்.