தார்ப்பாய்க்கு வந்த விலை

மிளகாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அப்பா. தொட்டிலில் கிடக்கும்போதே கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்ததாம். வளர்ந்து நாற்பதைத் தொட்ட பிறகும் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. அவளும் திரும்பிப் பார்த்தாள். அப்பா போகும்போது தன் ஹார்டுவேர் கடையை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதி வைத்துவிட்டுப் போனார். சரிபாதி என்பதெல்லாம் பத்திரத்தோடு சரி. கல்லாச் சாவி அண்ணன் இடுப்பில் தொங்கியது. பில் போடும் வேலை தங்கை தலையில் விழுந்தது.

புயல் ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன காலையில் அவள் கடைக்கு வந்தபோது, அண்ணன் வாசலில் அடுக்கியிருந்த தார்ப்பாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்கட்டு அறைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். வழக்கமாக ஒரு ஆணிப் பெட்டியைக்கூடக் குனிந்து எடுக்காத மனுஷன்.

"எதுக்குண்ணா உள்ள வைக்கிற? இன்னிக்குத்தானே எல்லாரும் கேட்டு வருவாங்க?"

"வரட்டும். ஆத்துப் பாலம் போயிடுச்சு. லாரி ஊரைச் சுத்தித்தான் வரணும், எப்ப வருமோ. இருக்கிறதே இவ்வளவுதான். விலையை மூணு மடங்கா மாத்திப் போடு."

அவள் பேனாவை எடுக்கவே இல்லை.

முதலில் வந்தது எதிர்ச் சந்துத் தையல்காரி. மிளகாவைவிட மூத்தவள், தனிக்கட்டை. ஒரே அறை. அதற்குள்ளேயே அடுப்பு, கட்டில், கால் மிஷின். கூரைத் தகரம் பறந்துபோய், தைத்து வைத்திருந்த துணியெல்லாம் ஊறிக் கிடந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அண்ணன் விலையைச் சொன்னான். அவள் காதில் சரியாக விழவில்லை என்பதுபோல மறுபடி கேட்டாள். அவன் அதையே மறுபடி சொன்னான்.

"போன வாரம் கேட்டப்ப வேற விலை சொன்னீங்களே?"

"போன வாரம் உனக்குக் கூரை இருந்துச்சேம்மா."

மிளகாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "வாய் கூசலையா உனக்கு? எரியிற வீட்டுல பிடுங்கிற மாதிரி இல்ல இருக்கு!"

"கத்தாத. சரக்கு கம்மி, கேக்கிறவங்க ஜாஸ்தி. இதைப் பழைய விலைக்கு வித்துட்டா, புதுசா வாங்க நான் எங்க போறது? மொத்த வியாபாரி இப்பவே ஏத்திட்டான். கடையை மூடிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து கோபப்பட்டுக்கிட்டு உக்காரலாமா?"

அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது. தையல்காரி காசு புரட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் அண்ணன், மாற்றுப் பாதையில் லாரி வருமா என்று விசாரிக்கக் கிளம்பினான். அவன் பைக் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், மிளகா பின்கட்டைத் திறந்தாள். பழைய விலையைப் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டாள். கூட்டம் முட்டி மோதியது. எல்லோருக்கும் முன்னால் ஒரு வேன்காரன் நின்றான். கையெடுத்துக் கும்பிட்டான்.

"எங்க தெருவே ஒழுகுதுக்கா. வயசானவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க. எல்லாருக்கும் சேர்த்து நானே எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

அவளுக்கு மனசு இளகிப்போனது. ஒரு நல்ல காரியத்தைச் செய்கிறோம் என்ற வேகத்தில் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். மிச்சம் இருந்த சிலவற்றைப் பின்னால் நின்றவர்கள் பிய்த்துக்கொண்டு போனார்கள். தையல்காரி தன் காதுத் தோட்டை அடகு வைத்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தபோது பின்கட்டில் தூசிதான் இருந்தது.

"எனக்கு ஒண்ணு எடுத்து வைக்கணும்னு தோணலையா?" என்று மட்டும் கேட்டாள்.

மிளகாவின் முகம் தொங்கிப்போனது.

பொழுது சாயும்போது பஸ் நிறுத்தத்தின் பக்கம் கூச்சல் கேட்டுப் போய்ப் பார்த்தாள். வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் கொடுத்த தார்ப்பாய்கள், மடிப்புக் கலையாமல். அண்ணன் சொன்ன விலைக்கும் மேலே ஒரு விலை சொல்லி விற்றுக்கொண்டிருந்தான் வேன்காரன். கைக்குழந்தையுடன் ஒருத்தி பேரம் பேசிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"டேய்! தெருவுக்குன்னு சொல்லித்தானே வாங்கினே?"

"இதுவும் தெருதானேக்கா," என்றான் அவன், கொஞ்சமும் அசராமல். "நீங்க குறைச்சுக் கொடுத்தீங்க, நான் வாங்கினேன். நான் கூட்டிச் சொல்றேன், இவங்க வாங்கறாங்க. யாரையாவது கையைப் பிடிச்சு இழுத்தேனா?"

அவள் வேன் கதவை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். கைதான் வீங்கியது.

வீட்டில் அண்ணன் குதி குதி என்று குதிப்பான் என்று எதிர்பார்த்துப் போனாள். அவன் குதிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணி சோற்றைப் போட்டுக்கொண்டே, "போதும் விடுங்க," என்று அதட்டியும் அடங்கவில்லை. "எனக்கு வரவேண்டிய லாபத்தைக் கொண்டுபோய் முன்ன பின்ன தெரியாதவனுக்குக் கொடுத்துட்டு வந்திருக்கா. தர்மவதி!" மிளகா தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் தூறல். கடைக்குப் போகப் பிடிக்காமல், கால் போன போக்கில் நடந்தாள். பெரிய சாலையில், புயலில் சாய்ந்த ஒரு விளம்பர பேனர் பாதி சாக்கடையிலும் பாதி நடைபாதையிலுமாகக் கிடந்தது. அதன் மேல் மழை விழுந்து முத்து முத்தாக உருண்டு ஓடியது. அடியில் ஒரு நாய், பொட்டு ஈரம் இல்லாமல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

மிளகா அந்த நாயைப் பார்த்தபடி நின்றாள். பிறகு விறுவிறுவென்று பேனர் அச்சடிக்கும் கடைக்கு நடந்தாள்.

பேனர்க்காரரின் கடைமுகப்புக் கண்ணாடி நொறுங்கி, சாரல் இயந்திரத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. மனுஷன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பின்புறத்தில், கழற்றிக் கொண்டுவந்த பழைய பேனர்கள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

"அந்தக் குப்பையை எனக்குக் கொடுங்க. உங்க முகப்பை நான் பலகை வெச்சு அடைச்சுத் தரேன். ஆணி, கீல், ஆள் எல்லாம் என்னோடது."

"குப்பைக்கா? முழுசா எடுத்துக்கோம்மா. போகும்போது அந்த எலிக் குடும்பத்தையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போ!"

பலகையையும் ஆணியையும் கயிற்றையும் தன் பங்கில் எழுதிவிட்டுத்தான் கடையிலிருந்து எடுத்தாள். அண்ணன் முறைத்துப் பார்த்தான். தள்ளுவண்டி நிறைய பேனர்களோடு தையல்காரி வாசலில் போய் நின்றாள். முதல் பேனரை அவள் கூரைக்கே கட்டினார்கள். உள்ளே நிமிர்ந்து பார்த்தால் நகைக்கடை விளம்பரப் பெண் பல்லைக் காட்டிச் சிரித்தாள். "இவ நகையில ஒண்ணு கழண்டு விழுந்தாகூடத் தேவலை," என்றாள் தையல்காரி. முந்தின நாளுக்குப் பிறகு மிளகாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பிறகு வேலையில் இறங்கினார்கள். கிழிந்ததை வெட்டி, நல்லதை இணைத்து, ஓரத்தை மடித்துத் தைத்து, தையல் மேல் டேப் ஒட்டி, கயிறு கோர்த்தார்கள். மின்சாரம் இல்லாவிட்டால் என்ன, கால் மிஷின் ஓடியது. தார்ப்பாயின் பழைய விலைக்கும் கீழேதான் விலை வைத்தார்கள், வீட்டுக்கு ஒன்று மட்டும். தெரிந்தவர்கள் யாராவது ஒருவர் 'இவங்க வீடு ஒழுகுது' என்று சொன்னால்தான் கொடுப்பது. வேன்காரன் ஒரு முறை தொப்பி போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றான். மிளகா கத்தரிக்கோலோடு எழுந்த வேகத்தில் தொப்பியை விட்டுவிட்டு ஓடினான்.

இரண்டே நாளில் அவன் வேன் முன்னால் ஈ காக்கை இல்லை. அதற்குள் லாரியும் வந்து சேர்ந்தது. அண்ணன் ஏறின விலைக்கு வாங்கின புதுத் தார்ப்பாய்கள் கடை வாசலில் மலைபோல ஏறின. சீந்துவார் இல்லை. மிளகாவுக்கு வயிறு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சியும் நீடிக்கவில்லை. அடுத்த காலை வந்து பார்த்தால், தையல்காரி விலையை ஏற்றியிருந்தாள். இரட்டிப்பாக.

"அக்கா! என்ன இது? அண்ணனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

தையல்காரி மிஷினை நிறுத்தினாள். "பக்கத்து ஊர்லேருந்தும் ஆள் வந்து நிக்குது, பாரு. பேனர் தீரப்போகுது. நூல்காரன் ஏத்திட்டான். உதவிக்கு ரெண்டு பொம்பளைங்களை வெச்சிருக்கேன், சும்மாவா வருவாங்க? தோட்டை மீட்கணும், தகரம் போடணும். நாளைக்கு வெயில் அடிச்சா இதை யார் வாங்குவா?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உனக்குப் பாதிக் கடை இருக்கு. கோபப்பட வசதி இருக்கு. எனக்கு இந்த நாலு நாள்தான் இருக்கு."

மிளகாவுக்கு யாரை அடிப்பதென்று தெரியவில்லை. வரிசையைப் பார்த்தாள். அதே மாதிரி நனைந்த தலைகள். தையல்காரியின் விரல்களைப் பார்த்தாள். ஊசி குத்திய இடமெல்லாம் துணி சுற்றியிருந்தது. கோபம் கோபமாகவே இருந்தது. ஆனால் அதை எந்தப் பக்கம் வீசினாலும் யாராவது ஒரு ஏழை மேல்தான் விழும் போலிருந்தது.

நேராகக் கடைக்கு வந்தாள். அண்ணன் தார்ப்பாய் மலைக்குப் பக்கத்தில் மோவாயில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"அங்க பேனர் விலை ஏறிடுச்சு. வாங்க முடியாம ஜனம் நிக்குது. உன் தார்ப்பாயை அவ சொல்ற விலைக்கே கொடு. கெட்டியான சாமான், எல்லாரும் இங்கதான் வருவாங்க."

"அது எனக்கு வாங்கின விலைக்குக்கூடக் கட்டாது."

"வெயில் வந்துட்டா அதுவும் வராது. நஷ்டத்துல பாதி என்னோடது. எழுதிக்கோ."

அவன் வானத்தைப் பார்த்தான். மேற்கே வெளுத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, அவனே விலையை எழுதி வாசலில் மாட்டினான். செய்தி போன வேகத்தில் சந்திலிருந்த வரிசை பாதிக்கு மேல் தெருவுக்கு ஓடி வந்தது. ஒரு மணி நேரத்தில் தையல்காரி தன் விலையைக் குறைத்தாள். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் குறைத்தான். சாயங்காலத்துக்குள் தார்ப்பாய் மலை தரைமட்டமானது. வேன்காரன் தன் மிச்ச சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி வந்து நின்றான். அண்ணன் அவனைத் துரத்திய துரத்தலில், அப்பாவுக்கு வாய்த்த மிளகாய் ஒன்றல்ல, இரண்டு என்று தெரு கண்டுகொண்டது.

தையல்காரி அதன் பிறகு பல நாள் மிளகாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். தோட்டை மீட்டுவிட்டாள், தகரத்துக்குத்தான் போதவில்லை. அண்ணனும் சொன்ன சொல் மாறாமல் நஷ்டத்தில் பாதியைத் தங்கை கணக்கில் ஏற்றினான். பேச்சு வார்த்தை இல்லை. அண்ணிதான் நடுவில் நின்று, "உப்பு வேணுமான்னு அவர் கேக்கிறாரு", "போதும்னு அவ சொல்றா" என்று தூது போனாள்.

மிளகாவுக்கு அந்த வாரத்தை நினைத்தால் இன்னும் எரியும். மழை நின்ற பிற்பாடு ஒரு நாள், கடையில் மிஞ்சியிருந்த தகரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்துக்குப் போனாள். அடக்க விலையைச் சொன்னாள். தையல்காரி அதிலும் குறைத்துக் கேட்டாள். மிளகா முடியாது என்றாள். இருவரும் வாசலில் நின்று, தெரு வேடிக்கை பார்க்க, தொண்டை வற்றும்வரை பேரம் பேசினார்கள்.