மொட்டைச் சுவரில் ஜெய்தூன் பீவி

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டிய ஆர்க்கிடெக்ட் கிழக்குப் பக்கம் ஜன்னல் வைக்க மறந்துவிட்டார். நாலு மாடி உயரத்துக்கு மொட்டைச் சுவர். பறந்துவந்த கொக்குக் கூட்டம் ஒன்று, வானம் இத்தோடு முடிந்தது போலும் என்று வடமதுரைப் பக்கம் திரும்பிப் போனதை நானே பார்த்தேன்.

அந்தச் சுவரில்தான் ஓவியத்துறை வாத்தியார் சூசைமுத்து என் மனைவி ஜெய்தூன் பீவியை வரைந்தார். எதிரே இருபது வருஷம் நாங்கள் கேன்டீன் நடத்தினோம். படத்தில் முக்காடு போட்டு, டீ கிளாஸை நீட்டியபடி நேராகப் பார்ப்பாள். படம் முடிந்த மாதமே அவள் மவுத்தானாள். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. தினமும் பத்து மணிக்கு எதிரே வேப்பமரத்தடியில் போய் உட்காருவேன். அவள் என்னைப் பார்ப்பாள். அவ்வளவுதான் என் நாள்.

போன மாதம், புதிதாக வந்த இன்ஜினியர் மணிமேகலை மரத்தடிக்கு வந்தார்.

“பாய், கமிட்டி வருது. இந்தச் சுவத்துக்கு வெள்ளையடிக்கச் சொல்லிட்டாங்க.”

“எதுக்கும்மா?”

“லைப்ரரியில டீ விக்கிற பொம்பளை படம் எதுக்குன்னு கேக்குறாங்க.”

“டீ விக்கிறவளா? இந்த நிலத்தைப் படிப்புக்குன்னு எழுதிக் கொடுத்த சீமாட்டியாக்கும். அந்தம்மா பாடம் நடத்துனா சிறுமலையில இருந்து புலி எறங்கி வந்து கேக்கும்.”

“புலியா?”

“ரெண்டு. ஒண்ணு பாஸாயிருச்சு.”

மணிமேகலை சிரிக்கவில்லை. புலியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே மேலே சொல்லிவிட்டார். வெள்ளையடிப்பது நின்றது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நாலாம் நாள் சுவரில் சாரம் கட்டியிருந்தார்கள். மேலே தூரிகையோடு சூசைமுத்து.

“என்ன வாத்தியாரே, என்ன பண்றீக?”

“எல்லாம் உங்க வாயால வந்த வினை பாய். சீமாட்டி கையில டீ கிளாஸ் எதுக்காம்? புத்தகத்தைக் குடுக்கச் சொல்லிட்டாங்க.”

“அவளுக்கு எழுத்தே தெரியாதே.”

“அதை நீங்க புலிகிட்ட சொல்லியிருக்கணும். கண்ணையும் மாத்தணும் பாய். புத்தகம் படிக்கிறவ எதிர பாக்க மாட்டால்ல? செத்த யோசிங்க. உண்மையைச் சொல்லிருவமா?”

சொன்னால் வெள்ளையடிப்பார்கள்.

“மாத்துங்க” என்றேன்.

மதியத்துக்குள் இமைகள் இறங்கிவிட்டன. மறுநாள் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் நிமிரவேயில்லை.

இப்போதெல்லாம் சுவரோரமாக, அவள் பார்வை விழுகிற இடமாகப் பார்த்து உட்காருகிறேன். நடுவில் புத்தகம் மறைக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் தெரிவேன். மூன்று வாரமாக அதே பக்கத்தில்தான் இருக்கிறாள்.