மூத்தவர் எடுத்த பங்கு

என் மாமனார் க்ரோனோ இறந்த மறுமாதமே பாகப்பிரிவினை வந்துவிட்டது. வேல்ஸ் மலைநாட்டில் ஒரு பள்ளத்தாக்குக்கு இளவரசர் அவர். இருந்தவரை, அக்கரை ஆங்கிலேயப் பிரபுவை ஆற்றைத் தாண்ட விடவில்லை. இப்போது அந்தப் பிரபு காத்திருந்தான். அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டால் அவனுக்கு வேலை மிச்சம்.

தம்பி மரெடித் என் கணவர். அண்ணன் இத்வால், மாமனாருக்குக் கல்யாணத்துக்கு முன்பு மாவு அரைக்கும் ஆலைக்காரர் மகளிடம் பிறந்தவர். அப்பா ஊரறிய ஏற்றுக்கொண்ட பிள்ளைக்கு எங்கள் சட்டத்தில் சரிபங்கு உண்டு. இளையவர் நிலத்தைப் பிரிக்க வேண்டும். மூத்தவர் முதலில் எடுத்துக்கொள்வார்.

நான் நிறைமாதக் கர்ப்பிணி. மாமனாரின் மலைவீட்டில் என் பிள்ளை தவழ வேண்டும் என்பது என் ஆசை. கணவருக்கும் அந்த வீட்டின்மேல்தான் உயிர். அதனால் ஒரு தந்திரம் செய்தார். ஆற்றோர பார்லி வயல், மாவாலை, சால்மன் மீன் பிடிக்கும் துறை எல்லாம் ஒரு பங்கு. மலைவீடும் ஆடு மேயும் சரிவும் இன்னொன்று.

"நம்ம பங்குல புல்லைத் தவிர என்னங்க இருக்கு?" என்றேன்.

"அவன் மாவாலைக்காரி பெத்த புள்ள, மோர்விட். ஆலையைக் காட்டினா வேற எங்க போவான்?"

"உங்க அப்பா காதுல விழுந்திருந்தா செவுள்லயே ஒண்ணு விட்டிருப்பாரு."

தேவாலய முற்றத்தில் ஊர் கூடியது. இத்வால் இரண்டு பங்கையும் கேட்டுவிட்டு, "மலை" என்றார்.

என் கணவரின் முகம் வெளுத்தது. "அண்ணே, விளையாடாத. ஆலை, மீனு, வயலு எல்லாம் அந்தப் பக்கம்."

"தெரியும்டா. என்னை மீனைக் காட்டிப் பிடிக்கிற பூனைன்னு நெனச்சிட்ட, இல்ல?"

கூட்டம் சிரித்தது. இத்வால் சிரிக்கவில்லை.

"அப்பன் பேரு தெரியாதவன்னு சின்ன வயசுல என்னைக் கல்லால அடிச்சிருக்காங்க. அப்பா என் கையைப் பிடிச்சுட்டுப் போய் மலைவீட்டு வாசல்ல நிறுத்தி, இவன் என் மகன்னாரு. நீ அந்த வீட்டுல பொறந்த. நான் அந்த வாசல்லதான்டா மகன் ஆனேன்."

என் கணவரின் கை இடுப்புக் கத்திக்குப் போனது. இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்தார்கள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு நான் நடுவில் போய் நின்றேன்.

பெரிய குடும்பங்களில் பிள்ளையை வேறு வீட்டில் வளர்க்கக் கொடுப்பது எங்கள் வழக்கம். தன் பிள்ளையை வளர்ப்பவர்மேல் கத்தி தூக்குபவரை இங்கே யாரும் மனிதராக மதிப்பதில்லை. என் பிள்ளையை மட்டும் யாருக்கும் தரக்கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கியிருந்தவள் நான்.

"பெரியத்தான்," என்றேன், "பால் மறந்ததும் என் பிள்ளையை உங்ககிட்டயே வளர்க்கத் தர்றேன். அந்த வாசல்ல கையைப் பிடிச்சு நிறுத்துவீங்களா?"

அவர் இரண்டடி முன்னால் வந்தார். "பொண்ணா பொறந்தா?"

"பொண்ணுக்கும் கை இருக்குல்ல?"

கணவர் என்னையே பார்த்தார். பிறகு கத்தியிலிருந்து கையை எடுத்தார். "மீன் அனுப்பி வைக்கிறேன்," என்றார் தரையைப் பார்த்தபடி.

"நல்ல மீனா பாத்து அனுப்பு," என்றார் இத்வால். "வீட்டுல பூனை இருக்கு."

பெண்தான் பிறந்தாள். பால் மறந்த இலையுதிர் காலத்தில் நானே மலையேறிப் போய் அவளை விட்டு வந்தேன். என் விரலை விட மறுத்தவளை, குனிந்து இத்வால்தான் பிரித்தெடுத்தார்.

அக்கரைப் பிரபு இன்னும் காத்திருக்கிறான். நானும்தான், ஞாயிறுதோறும் தேவாலய வாசலில், பெரியப்பா கையைப் பிடித்து மலையிறங்கி வரும் என் மகளுக்காக.